கடைசி நாள் கொண்டாட்டமும் மறுநாள் காலையும்



பம்பாயில் 2010-ஆம் வருஷம் முதற்கொண்டு "கஷிஷ்" என்ற பெயரால் ஒரு சினிமா விழா நடந்து வருகிறது. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் ஆகியவர்களுடைய வாழ்க்கையைச் சொல்லும் படங்களை அங்கே காட்டுகிறார்கள். கடைசி நாளன்று நல்ல படங்களுக்குப் பரிசு கொடுத்து, கொண்டாட்டமாய்க் கலைகிறார்கள். "சினிமாவைக் கண்டித்து வந்த இயக்கத்தாருக்கு இந்தக் கூத்தில் என்ன வேலை?" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நாம் பேச வந்தது கூத்தைப் பற்றியல்ல. கூத்து முடிந்த பின் நடப்பதைப் பற்றியே ஆகும்.

இதே பம்பாயில் 1998-ஆம் வருஷம் "ஃபயர்" என்ற படத்தில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதாகக் காட்டியதற்காக, மதத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டு ஒரு கூட்டம் கொட்டகைக்குள் புகுந்து கண்ணாடிகளை உடைத்தது. அப்படிப்பட்ட ஊரில், பன்னிரண்டு வருஷத்திற்குள் இவர்கள் பகிரங்கமாய்க் கொட்டகையில் கூடினார்கள் என்றால் அது அற்பக் காரியமா? 2013 டிசம்பர் 11-இல் சுப்ரீம் கோர்ட்டானது, 2009-இல் டில்லி ஐகோர்ட் கொடுத்த விடுதலையைப் பிடுங்கி, இவர்களை மறுபடியும் குற்றவாளிகள் ஆக்கிற்று. அடுத்த வருஷமும் விழா நிற்கவில்லை. லிபர்டி தியேட்டரில் நடந்தது. இதைத்தான் நாம் சுயமரியாதை என்கிறோம்.

இவர்களைக் குற்றவாளிகள் ஆக்கிய பீனல் கோட் 377-வது பிரிவு யார் எழுதியது? 1860-இல் வெள்ளைக்காரன் எழுதியது. வெள்ளைக்காரன் போன பின்பும் அவன் சட்டத்தைக் கட்டிக் கொண்டு அழுதவர்கள், அதைப் "பாரத கலாசாரம்" என்றார்கள். இயற்கைக்கு விரோதம் என்பது அவர்களுடைய வாதம். மூக்குக் கண்ணாடி போடுவதும், ரயிலில் போவதும், மின்சார விளக்கில் சுவாமி ஊர்வலம் விடுவதும் எந்த இயற்கை? பெண்ணே வேண்டாமென்று காவி கட்டினவன் காலில் விழுகிறவர்கள், இயற்கையைப் பற்றிப் பேசலாமா?

2018 செப்டம்பர் 6-இல் சுப்ரீம் கோர்ட்டே, வயது வந்தவர்கள் மனமொப்பி வாழ்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்து விட்டது. ஆனால், 2023 அக்டோபர் 17-இல் இவர்கள் கலியாண உரிமை கேட்டபோது, அது சட்டசபையின் வேலை என்று கை விரித்து விட்டது. ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் குடும்பம் என்று சொல்லிக் கொள்ளவும் கூடாது! இது எவ்வளவு யோக்கியமான நியாயம் பாருங்கள்.

இந்த அவமானம் நமக்குப் புதிதல்ல. ஐயரும் ஓமமும் இல்லாமல் நாம் நடத்திய கலியாணங்களை 1950-களில் சென்னை ஐகோர்ட் செல்லாது என்று சொல்லவில்லையா? 1967-இல் அண்ணா சர்க்கார் சட்டம் செய்தது. அதுவரை நம் தோழர்கள் கலியாணத்தை நிறுத்தி வைத்தார்களா? இல்லை. சட்டம் வருமுன்பே வாழ்ந்து காட்டினார்கள். பின்னால்தான் சட்டம் வந்தது. ஆகவே, மற்றவர்களைவிட நமக்கே இவர்களுடைய கஷ்டம் அதிகமாய் விளங்க வேண்டும்.

ஆனால் தோழர்களே, கோர்ட்டையும் சட்டசபையையும் மாத்திரம் குற்றம் சொல்லி விட்டுப் போய்விட நமக்குப் பாத்தியதை இல்லை. கடைசி நாள் ராத்திரி அந்தக் கொட்டகையில் தலை நிமிர்ந்து கைதட்டிய பிள்ளை, மறுநாள் காலையில் எந்த வீட்டிற்குத் திரும்புகிறது? பேய் பிடித்ததென்று மந்திரவாதியிடமும், வியாதி என்று வைத்தியரிடமும் இழுத்துப் போகிற வீட்டிற்கல்லவா? உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே இதை வியாதிப் பட்டியலிலிருந்து எடுத்து விட்டது. "மாற்றி விடுகிறேன்" என்று வைத்தியம் செய்வதைத் தடுக்க வேண்டுமென்று 2021-இல் சென்னை ஐகோர்ட்டும் உத்தரவிட்டது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பவனுக்கும், இல்லாத பேயை ஓட்டுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் இடமில்லாதவர்களுக்கு விழா எடுத்தால், அது ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதையாகத்தான் முடியும். ஜாதியை ஒழிக்க வேண்டும், பெண் அடிமை ஒழிய வேண்டும் என்கிற நாம், நம் வீட்டுப் பிள்ளை "நான் இப்படி" என்று சொல்லும்போது, ஊரார் என்ன சொல்வார்களோ என்று கதவைச் சாத்துவோமானால், நம் பகுத்தறிவு மேடையோடு சரி என்றுதான் அர்த்தம். ஊரார் பேச்சுக்குப் பயந்திருந்தால் இந்த இயக்கமே பிறந்திருக்காது.

ஆதலால், உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படி வந்து நின்றால், அடிக்காதீர்கள், அழாதீர்கள், மந்திரவாதியைத் தேடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டு, சொல்வதைக் கேளுங்கள். அதற்குச் சட்டம் வேண்டியதில்லை, மனிதத் தன்மை இருந்தால் போதும் என்று சொல்லி, முடித்துக் கொள்ளுகிறோம்.