ஒரு கிலோ துணியின் கணக்கு



திருப்பூர் மக்களே, உங்களில் பலருக்கு இப்போது பனியன் வாங்கும் பையரிடமிருந்து ஒரு படிவம் வருகிறது. ஒரு பனியனுக்கு எவ்வளவு கரியமில வாயு, எத்தனை லிட்டர் தண்ணீர் என்று கேட்கிறது. பஞ்சு விளைந்த காட்டில் தொடங்கி, அந்தப் பனியன் கிழிந்து குப்பைக்குப் போகும் நாள் வரை கூட்டிச் சொல்ல வேண்டும். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்பது இதுதான். கணக்குப் போடும் முறைக்கு ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்று உலகத் தரநெறிகள் உண்டு. முறை இருக்கிறது. அதில் போட நம்முடைய எண்கள் எங்கே?

உங்கள் தையல் யூனிட்டின் ஈ.பி. பில் உங்கள் மேஜையில் இருக்கும். நூலை நூற்ற மில் எவ்வளவு மின்சாரம் எடுத்தது, பஞ்சுக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டார்கள் என்பதற்கு நீங்கள் எங்கே போவீர்கள்? அந்தக் கட்டங்களை ஆலோசகர் ஒரு மென்பொருளிலிருந்து நிரப்புகிறார். பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது 2003-இல் வெளிவந்த சுவிட்சர்லாந்தின் ஈகோஇன்வென்ட். உழைத்துச் சேர்த்த நல்ல தரவுத்தளம் அது. இந்தியத் தரவுகளும் அதில் உண்டு. ஆனால் நம் தொழிலின் ஒவ்வொரு படிக்கும் இல்லை. இல்லாத இடத்தில், நாடு பிரித்துச் சொல்லாமல் மீதி உலகம் முழுவதற்குமாக எடுத்த ஒரு சராசரி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்தச் சராசரிக்கு நம் நொய்யல் ஆறு தெரியுமா? ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் கெட்ட கதை தெரியுமா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நெறிக்குள் இந்த ஊர் வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். கழிவுநீர் ஆர்.ஓ.வுக்குப் போகிறது, ஆர்.ஓ. தள்ளிவிடும் உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் நீராவியால் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். தண்ணீரும் உப்பும் திரும்பவும் சாயப்பட்டறைக்கே போகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு, மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறது. அந்த நீராவிக்காகப் பாய்லரில் விறகு எரிகிறது.

ஆற்றில் விடாத தண்ணீரும் உண்மை, அதற்காக எரித்த விறகும் உண்மை. வேறெங்கோ இருக்கும் சாயப்பட்டறையின் எண்ணை நம் பெயரில் எழுதினால் இரண்டுமே கணக்கில் வராது. அதனால் நமக்கென்று சொந்தத் தரவுத்தளம் வேண்டும். ஆனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் திரட்டுவதற்குப் பெயர் தரவுத்தளம் அல்ல. விறகுக் கணக்கு நம்மைக் குறைத்துக் காட்டினால் காட்டட்டும். எங்கே குறைக்க வேண்டும் என்று அப்போதுதான் நமக்கே தெரியும்.

சொந்தத் தரவுத்தளம் நம்மால் முடியாத வேலையா? மத்திய மின்சார ஆணையம், நம் மின்தொகுப்பின் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு இலவசமாக வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறைய 0.7 கிலோ. மின்சாரத்துக்குச் செய்ததைப் பஞ்சுக்கும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் லாரிக்கும் செய்யச் சொல்கிறோம். அமெரிக்க அரசு 2003-இலேயே இப்படியொரு பொதுத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தாய்லாந்து தன் அரசு ஆய்வு மையத்தின் வழியாக நடத்துகிறது.

எண்ணைத் திரட்டினால் மட்டும் போதாது, விதியும் வேண்டும். ஜின்னிங் ஆலைக்கு வரும் பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மீதி பெரும்பாலும் கொட்டை. உரத்தின் பாரத்தை எடைப்படி பிரித்தால் பெரும்பகுதி கொட்டைமேல் போகும். விலைப்படி பிரித்தால் பஞ்சுமேல் ஏறும். வயல் ஒன்றுதான், பஞ்சும் ஒன்றுதான், விடை இரண்டு! நாடு முழுமைக்கும் ஒரே விதியை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைக்காவிட்டால், அவரவர் தமக்கு வசதியான விடையை எடுத்துக்கொள்வார்கள்.

முதலாளிகளுக்கு ஒரு பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். எண்ணைக் கொடுத்தால் என் தொழில் ரகசியம் போட்டியாளர் கைக்குப் போகுமே என்பது. பல யூனிட்டுகளின் எண்களைச் சேர்த்துச் சராசரியாக, பெயரில்லாமல் வெளியிடலாம். தொடர்பில்லாத நிபுணர் ஒருவர் சரிபார்க்கலாம். உலகத்தில் இதற்கு வழிமுறைகள் உண்டு.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. இரும்பு, அலுமினியம், சிமெண்ட் போன்றவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2026 ஜனவரி 1 முதல் முழு வடிவில் வந்துவிட்டது. சொந்த எண் காட்டாதவருக்கு அவர்களே வைத்த எண், அதுவும் கூட்டி வைத்த எண். ஆடைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த அவர்களின் நிலைத்த பொருள் வடிவமைப்புச் சட்டம், பொருளுக்கொரு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கிறது. அதில் முன்வரிசையில் நிற்பது துணிதான். பெரிய நிறுவனம் லட்சங்கள் கொடுத்து ஆலோசகரை வைத்துக்கொள்ளும். பத்துத் தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர் என்ன செய்வார்? அவருக்காகத்தான் இந்தத் தரவுத்தளம் அரசின் பொறுப்பில், கட்டணமில்லாமல் இருக்க வேண்டும் என்கிறேன்.

அரசிடம் நாம் முதலில் கேட்க வேண்டியவை நான்கு: பருத்தி, நூற்பு, விறகுப் பாய்லர், கழிவுநீர் எவாப்பரேட்டர். இவற்றின் தரவை மாநிலவாரியாகத் திரட்டி, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கட்டும். சாயப்பட்டறை நண்பர்களிடம் கேட்பது ஒன்று. விறகு லாரியின் எடைமேடைச் சீட்டைப் பில்லோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிடாதீர்கள். அன்றன்று எரித்த விறகையும், அன்று சாயமேற்றிய துணியின் கிலோவையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நோட்டில் எழுதுங்கள். திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.