டியூப் வழியே வரும் ஆபத்து



சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் நமக்குக் கடுமையான நோய் என்றால் குளுவாங், அதற்கும் மேல் என்றால் ஜொகூர் பாரு. நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் வந்த நோய் குறையும்போதே, அங்கே தொற்றிய வேறொரு கிருமி இரத்தத்தில் கலந்து உயிரைப் பறிப்பதும் உண்டு. உலகின் எந்தப் பெரிய மருத்துவமனையும் இதற்கு விலக்கல்ல.

கிருமி எப்படி உள்ளே போகிறது? கையில் ஏற்றும் டிரிப் ஊசி, கழுத்தில் பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் டியூப் ஆகியவை மருந்துக்கு மட்டும் வழியல்ல. தோலில் இருக்கும் கிருமியும், கழுவாத கையில் இருக்கும் கிருமியும் அதே வழியாக நேரே இரத்தத்துக்குப் போகும். டியூப் உள்ளே இருக்கும் நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும். வீடு திரும்ப வேண்டியவர் திடீரென நடுங்குவார், காய்ச்சல் ஏறும், இரத்த அழுத்தம் இறங்கும். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுதான். சிலர் மீள்வதே இல்லை.

இது நம்மவர்களுக்கு மிக நெருங்கிய விஷயம். மற்ற இனத்தாரைவிட நம்மிடையே இனிப்பு நீர் அதிகம். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதுவே காரணம். கழுத்து டியூப் வழியே டயாலிசிஸ் செய்வதைவிட, கையில் அறுவை செய்து அமைக்கும் ஃபிஸ்டுலாவில் தொற்று குறைவு. டாக்டர் அதைச் செய்யச் சொன்னால், பயந்து நாளைக் கடத்தாதீர்கள்.

மருந்து கொடுத்தால் தீராதா என்று கேட்கலாம். 2010-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, வலுவான மருந்துகளுக்கும் அடங்காத என்டிஎம்-1 வகைக் கிருமிகள் சென்னையிலும் பரவியிருப்பதைக் காட்டியது. ஆகவே வருமுன் காப்பதே வழி.

அது முடியும் என்பதற்குச் சான்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். டாக்டர் பீட்டர் புரொனோவோஸ்ட் குழுவினர் கொண்டுவந்தவை ஐந்தே விதிகள்: கை கழுவுதல், டியூப் போடும்போது நோயாளியைச் சுத்தமான துணியால் முழுதும் மூடுதல், குளோர்ஹெக்சிடின் மருந்தால் தோலைத் துடைத்தல், தொடையில் டியூப் போடுவதைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் எடுத்துவிடுதல். விதி மீறினால் டாக்டரையே தடுக்கும் உரிமை தாதிக்குக் கொடுக்கப்பட்டது. 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிடைத்த பலன் 2006-இல் வெளியானது. ஒன்றரை ஆண்டில் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்திருந்தது. புது மருந்து எதுவும் இல்லை, ஒழுங்கு மட்டுமே.

நாம் செய்ய வேண்டியது என்ன? கட்டிலருகே போகுமுன் கை கழுவுங்கள். விபூதி பூசும் கையும் கழுவிய கையாக இருக்கட்டும். டியூபைத் தொடாதீர்கள். அது நுழையும் இடம் சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, நோயாளி நடுங்கினாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள். தினமும் ஒரு தடவை பணிவாகக் கேளுங்கள்: "டாக்டர், இந்த டியூப் இன்னும் தேவையா?"

கேட்டால் கோபிப்பார்களோ என்று நம்மவர்கள் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தை மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் ஒரு கேள்வி அம்மாவையோ அப்பாவையோ வீட்டுக்குத் திருப்பி அழைத்து வரலாம்.