விஞ்ஞானியும் தம்புராவும்



விஞ்ஞானம் பயில்வோருக்கு இசை வேண்டுமா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பெற்றோர் பலர் இக்கேள்விக்குத் தாமே விடை கூறிவிடுகின்றனர். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பிள்ளை உயர்தர உயிரியற் பிரிவிற் சேர்ந்ததும் சுருதிப்பெட்டி மூலைக்குச் செல்கிறது. வயலின் உறைக்குள் உறங்குகிறது. மாலைப்பொழுதுகளைப் பிரத்தியேக வகுப்புகள் விழுங்கிவிடுகின்றன. பாடசாலை அதிபர் என்ற முறையில் இதனை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். பெற்றோரைக் குறைகூறுவதற்கில்லை. பல்கலைக்கழகத்தில் இடங்கள் சில, போட்டியோ பெரிது. ஆயினும் இக்கொழும்பு மாநகரிற் பிறந்த விஞ்ஞானி ஒருவரின் சான்றைக் கேட்டபின் முடிவு செய்தல் நன்றன்றோ?

அவர் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி. 1877 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22 ஆம் நாள் சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராய்ப் பிறந்தவர். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கற்றிருப்பணியாக எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருக்கு மைத்துனர் முறையினர். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, தாயாரின் நாடாகிய இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று 1900 இல் பட்டம் பெற்றார். பின்னர் இலங்கைக்கு வந்து கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904 இல் உலகுக்கு இனங்காட்டியவரும் இவரே. கலை விமரிசகர் என்று நாம் போற்றும் இப்பெரியார் முதலில் இலையையும் கல்லையும் உற்றுநோக்கிப் பயின்றவர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இத்தகையவர் எவ்வகை இசையை விரும்பினார்? மனிதக் குரலையும் அதற்குத் துணையாக ஒலிக்கும் தம்புராவையும் பெரிதும் விரும்பினார். பாட்டுத் தொடங்குமுன் ஒலித்து, பாடும்போதும் உடன் நின்று, பாட்டு ஓய்ந்த பின்னும் ஒலிக்கும் அந்நாதம், தோன்றி மறையும் பொருள்களுக்கு அடியில் மாறாது நிற்கும் மெய்ப்பொருளை அவருக்கு உணர்த்திற்று. பெரிய மண்டபத்தில் திரண்ட கூட்டத்தைவிட, சுவையறிந்த சிலர் அமர்ந்து கேட்கும் சிறு அவையே நம் இசைக்கு இயல்பானது என்று அவர் கருதினார். அவருடைய துணைவியாராயிருந்த ஆங்கிலப் பெண்மணி, இரத்தினதேவி என்னும் பெயருடன், வட இந்திய ஆசிரியரிடம் முறைப்படி பயின்று தம்புரா மீட்டிப் பாடினார். அவர் திரட்டிய பஞ்சாப், காஷ்மீரப் பாடல்கள் முப்பது, குமாரசுவாமியின் மொழிபெயர்ப்போடும் தாகூரின் முன்னுரையோடும் 1913 இல் நூலாயின.

ஆர்மோனியத்தை அவர் விரும்பவில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை, விரலுக்கொரு ஒலியென அறுதியிட்ட அக்கட்டைகள் எழுப்பமாட்டா. இதே குறையைக் கருதியே அகில இந்திய வானொலியும் 1940 இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று. 1971 இல்தான் அத்தடை தளர்ந்தது.

கிராமபோனைக் குறித்தும் அவர் எழுதினார். தேசிய இலட்சியம் பற்றிய அவருடைய கட்டுரைத் தொகுதி 1909 இல் கொழும்பிலேயே வெளிவந்தது. பாடுவோன் இருந்த இடத்தில் பொறி வந்து அமர்ந்தால் கலைஞன் பிழைப்பு இழப்பான், கேட்போனும் தானே பாடும் பழக்கத்தை இழப்பான் என்று அதில் எச்சரித்தார். ஆயினும் அருகிவரும் பாடல்களைப் பதிந்து காக்கவும் ஆராயவும் அக்கருவி ஏற்றது என்பதை அவர் மறுக்கவில்லை. இங்கேதான் விஞ்ஞானியின் நிதானம் புலப்படுகிறது. பேராதனைத் தாவரக் காப்பகத்தில் உலர்த்தி ஒட்டிய இலைகள் உள்ளன. அவற்றைக் கொண்டு தாவரத்தை இனங்காணலாம். ஆனால் அவ்விலை மீண்டும் தளிர்க்காது. இசைத்தட்டும் அத்தகையதே. 1925 இல் முறையாகத் தொடங்கிய கொழும்பு வானொலிக்கு முன்னோட்டமாக அமைந்ததும் இசைத்தட்டு ஒலிபரப்பே. ஆகவே இவ்வெச்சரிக்கை வானொலியில் பேசும் எனக்கும் கேட்கும் உங்களுக்கும் உரியதே.

இனி, இசையைக் கைவிட்ட ஓர் உயிரியலறிஞரின் சான்றையும் கேளுங்கள். சாள்ஸ் டார்வின் இளமையில், கேம்பிரிட்ஜ் நகரத்து தேவாலயப் பாடகரின் இசையைக் கேட்பதற்காகவே தம் உலாவை நேரம் பார்த்து அமைத்துக்கொண்டவர். முதுமையில், மண்புழுக்களுக்குச் செவியுண்டா என்று அறிய அவற்றின் அருகே ஊதுகுழலையும் பியானோவையும் ஒலிப்பித்தார். அவை அசையவில்லை. புழுக்கள் இருந்த சட்டிகளைப் பியானோவின் மீதே வைத்துச் சுரமெழுப்பியபோது, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒடுங்கின. புழுவின் செவியை இவ்வளவு நுணுகி ஆராய்ந்தவர், தம் செவியின் சுவை மங்கிப்போனதை 1876 இல் எழுதிய தன்வரலாற்றில் வருத்தத்தோடு குறித்துள்ளார். மீண்டும் வாழ்க்கை கிட்டுமாயின், வாரம் ஒருமுறையேனும் கவிதை படிக்கவும் இசை கேட்கவும் விதி வகுத்துக்கொள்வேன் என்பது அவர் கருத்து. அச்சுவையை இழப்பது இன்பத்தை இழப்பதாகும். அறிவுக்கும், அதனினும் மேலாக ஒழுக்க உணர்வுக்கும் அதனால் ஊறு நேரலாம் என்றும் அவர் அஞ்சினார். தொடர்ந்து பயன்படுத்தாத உறுப்புத் தேய்வதைப் பிறருக்கு விளக்கியவரே அத்தேய்வைத் தம்மிடத்தும் கண்டார்.

இன்று இசைக்குப் பஞ்சமில்லை, கைத்தொலைபேசியே களஞ்சியமாகிவிட்டது. அதனை நல்வழியிற் பயன்படுத்த விரும்பும் மாணவருக்குச் சில இணையத்தளங்களைக் கூறுவேன். ‘இன்ரர்நெற் ஆர்க்கைவ்’ தளத்தில் குமாரசுவாமியின் பழைய நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. அதே ஆண்டிற் பிறந்த ‘சீனோ காண்டோ’ தளத்தில் பல நாட்டு ஆர்வலர் பதிந்தனுப்பிய பறவைக் குரல்கள் உள்ளன. உயிரியல் மாணவர் குயிலின் குரலை அங்கே கேட்டபின், விடியற்காலையில் தம் வீட்டு முற்றத்தில் நின்றும் கேட்கட்டும். பதிவு செவியைப் பழக்கும். உயிர்க்குரல் உள்ளத்தைத் தொடும்.

பெற்றோரே, பரீட்சைக்குரிய நேரத்தைப் பறிக்க நான் கேட்கவில்லை. டார்வின் வேண்டி ஏங்கிய அந்த வாரத்துக்கு ஒருமுறையையே கேட்கிறேன். அந்த அரைமணி நேரத்தில் பிள்ளை கேட்பதோடு நின்றுவிடாது, தன் குரலால் ஒரு கீர்த்தனையைப் பாடட்டும். பாட்டை விட்டதால் மாத்திரம் எவரும் மருத்துவரானதில்லை. நாளை நோயாளியின் நெஞ்சில் செவிகொடுத்துக் கேட்கப்போகும் மருத்துவருக்கு, இன்று சுருதி அறிந்த செவி வீண்சுமையாகுமா?