வாட் ஏறினா கோடு மெலியுமா?

ஆம்பூர்ல பெல்ட், பர்ஸ் தைக்கிற அண்ணன் ஒருத்தர், தோல்ல பேர் பொறிக்க 5 வாட் நீல லேசர் டயோடு மெஷின் வச்சிருந்தார். வேகம் பத்தலைன்னு கடன் வாங்கி 20 வாட் மெஷின் எடுத்தார். வேகம் வந்துச்சு. ஆனா, "படுத்த கோடு தடிமனா வருது, நிக்கிற கோடு மெல்லிசா வருது. காசு போச்சா தம்பி?"ன்னு கேட்டார்.

மெஷின்ல கோளாறு இல்லை. இந்த வகை டயோடோட பிறவிக்குணம் அது. சிப் விளிம்புல ஒளி வெளியே வர்ற வாசலோட உயரம் ஒரு மைக்ரான் அளவுதான். அகலம் பல பத்து மைக்ரான். உயரவாக்குல இடமே இல்லாததால ஒளி ஒரே அலையா அடங்கி வருது. லென்ஸ் வச்சா பொடிப் புள்ளியா குவியும். அகலவாக்குல பல அலைகள் கலந்து வருது. எந்த லென்ஸ் போட்டாலும் ஒரு அளவுக்கு மேல குவியாது. அதனாலதான் புள்ளி செவ்வகமா விழுது.

வாசலைக் குறுக்கினா பீம் அழகா வரும். ஆனா பவரைக் கூட்டினா அந்தச் சின்ன முகப்பு சூடேறி உருகிடும். அதனால அகலமாக்கணும், இல்லேன்னா பல டயோடைச் சேர்க்கணும். 20 வாட் பெட்டிகள்ல பொதுவா நாலு டயோடு இருக்கும்.

இதுக்கு வேற வழி தேடினவர் கியோட்டோ பல்கலைக்கழகத்து சுசுமு நோடா. 1999லேயே அவர் குழு விளிம்பை விட்டுட்டு, சிப்போட மேற்பரப்பு வழியா ஒளியை எடுத்துக் காட்டுச்சு. உள்ளே வரிசை தப்பாத நானோ ஓட்டைகள். பக்கவாட்டுல ஓடுற ஒளி அதுல மோதி மோதி, முழுப் பரப்பும் ஒரே தாளத்துல ஆடும். பேரு ஃபோட்டோனிக் கிரிஸ்டல் லேசர். பரப்பு பெருசானா வேற தாளங்களும் நுழையும். அதுக்காக ஒரு ஓட்டை இருந்த இடத்துல, கால் அலைநீளம் தள்ளித் தள்ளி ரெண்டு ஓட்டை போட்டாங்க. வேண்டாத அலைகள் ஓரமா கசிஞ்சு போயிடும்.

2023ல நேச்சர் இதழ்ல வந்த முடிவு: 3 மில்லிமீட்டர் விட்டம், விடாம 50 வாட், பீம் விரியுறது வெறும் 0.05 டிகிரி. எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க சூட்டைச் சமாளிச்ச விதம். ஓடும்போது சிப்போட நடுப்பகுதி அதிகமா சூடாகி, அங்கே ஒளியோட நடை மாறும். அதைக் கணக்குப் போட்டு, ஓட்டைகளோட இடைவெளியை முன்கூட்டியே இடத்துக்கு இடம் மாத்தி வரைஞ்சுட்டாங்க. காய்ஞ்சா சுருங்கும்னு ஈரத்தோலைக் கொஞ்சம் பெருசா வெட்டுறோம்ல, அந்த மாதிரி.

அது அகச்சிவப்பு லேசர், அண்ணன் கடைக்கு வர நாளாகும். இப்போதைக்கு டிசைனையும் தோலையும் 45 டிகிரி திருப்பி வைக்கச் சொன்னேன். கோடு மெலியலை. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே தடிமன்ல வருது.