பட்டமும் வேலையும்

உழைக்க முன்வருவோருள் வேலை கிடைக்காதோரின் பங்கைக் குறிக்கும் வேலையின்மை விகிதம், இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் 15 முதல் 29 வயது வரையிலான பட்டதாரிகளிடையே 29.1 சதவீதமாகவும், அதே வயதில் எழுதப் படிக்கத் தெரியாதோரிடையே 3.4 சதவீதமாகவும் இருந்ததெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. கல்லாதவர்க்கு நல்ல வேலை காத்திருக்கிறது என்பதன்று இதன் பொருள். அன்றைக்கு அடுப்பெரிய வேண்டுமென்பதால் அவர் விடியற்காலையிலேயே மண்வெட்டியும் சாந்துச்சட்டியுமாய்த் தெருமுனையில் நின்று கிடைத்த கூலிக்குப் போய்விட, வீட்டாரின் ஆதரவுள்ள பட்டதாரியோ அரசுப் பணிக்கு விண்ணப்பித்துவிட்டு நூலகத்தில் போட்டித்தேர்வு நூல்களோடு அமர்ந்திருக்கிறார். காத்திருக்கவும் வசதி வேண்டும் போலும். 35 வயதைக் கடந்த பட்டதாரிகளிடையே இவ்விகிதம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் அவர்கள் படிப்புக்கேற்ற பணியில் அமர்ந்தார்களா, கிடைத்ததை ஏற்றார்களா என்பதை அந்த எண் சொல்வதில்லை.