கைப்பேசியில் செம்பனை எண்ணெய் வியாபாரம்



செம்பனைக் குலை அறுப்பவரும் உதிரிப்பழம் பொறுக்குபவரும் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்தப் பழத்தின் எண்ணெய்க்கு, காய் மரத்தில் இருக்கும்போதே கோலாலம்பூரில் விலை பேசப்படுகிறது. இதற்கு முன்பேரச் சந்தை என்று பெயர். 1980-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய இந்த வியாபாரம், இன்று புர்சா மலேசியாவில் கணினி வழியே நடைபெறுகிறது.

இச்சந்தை எதற்கு? மூன்று மாதம் கழித்து விலை இறங்குமோ என்று தோட்ட நிர்வாகம் அஞ்சுகிறது. ஏறுமோ என்று சமையல் எண்ணெய் ஆலை அஞ்சுகிறது. இருவரும் இன்றே ஒரு விலையை உறுதி செய்துகொள்கிறார்கள். இது நியாயமான தேவைதான்.

ஆனால் எண்ணெயைக் கண்ணாலும் காணாமல், வாங்கிய சில நிமிடங்களில் விற்றுவிடுபவர்களும் உண்டு. ஓரிரு வெள்ளி ஏற்ற இறக்கத்தில் லாபம் தேடும் இம்முறையை 'ஸ்கால்ப்பிங்' என்பார்கள். "கைப்பேசி போதும், தினமும் சம்பாதிக்கலாம்" என்று நம் பிள்ளைகளிடம் சொல்லப்படுவது இதுதான்.

கணக்கைப் பார்ப்போம். ஓர் ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு ஒரு வெள்ளி ஏறினால் 25 வெள்ளி லாபம். கேட்க இனிக்கிறது. ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் தரகும் கட்டணமும் உண்டு. அவை சேர்ந்து 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 5 வெள்ளி. ஒரு வெள்ளி இறங்கிவிட்டாலோ நட்டம் 45 வெள்ளி! ஒருமுறை தோற்றதை ஈடுகட்ட ஒன்பது முறை வெல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டன் 4,000 வெள்ளி என்றால் ஒப்பந்தத்தின் மதிப்பு ஒரு லட்சம் வெள்ளி. நாம் கட்டுவது அதில் ஒரு சிறு பகுதியைப் பிணைத்தொகையாக மட்டுமே. நட்டமோ 25 டன்னுக்கும் சேர்த்து வரும். விலை 100 வெள்ளி இறங்கினால் 2,500 வெள்ளி போயிற்று. மேலும் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டியதற்கு மேலும் கடன்பட நேரலாம்.

"அப்பா, உங்கள் சேமநிதிப் பணத்தைக் கொடுங்கள், இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று மகன் கேட்டால் என்ன செய்வது? கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். தரகு போகக் கையில் நிற்பது எவ்வளவு? எவ்வளவு நட்டம் வந்தால் நிறுத்துவாய்? பணம் வாங்குபவர் செக்யூரிட்டீஸ் கமிஷனிடம் உரிமம் பெற்றவரா? யாரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆசை தீராவிட்டால், பணம் போடாமல் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்கட்டும். வாங்கிய விலை, விற்ற விலை, தரகு என எல்லாவற்றையும் எழுதட்டும். நாம் ஆயிரம் சொல்லி விளங்காததை அந்த நோட்டு விளக்கிவிடும்.

சேமநிதி, முப்பது வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று சேர்த்த பணம். அதைச் சில நிமிட ஆட்டத்தில் வைக்கலாமா என்பதை வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுங்கள்.