கல்லூரி டென்னிஸ் அணியும் நம் பிள்ளைகளும்

(ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் டென்னிஸ் ஆட்டத்தைக் குறித்துப் பேச எழுந்தது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயின், இப்பொருளில் எம்பால் ஒரு பிழை உளது. எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் சிறிய கல்லூரி ஒன்றிற் சேர்ந்து, அதன் டென்னிஸ் அணியில் ஆட விரும்பினான். "தம்பி, அது செல்வர் ஆட்டம், நமக்கு எதற்கு?" என்றோம். எம் சொல்லைக் கேளாது சேர்ந்தான். விடியலில் தந்தையாரோடு கடலுக்குச் சென்று வருபவன் ஆதலின், காலைப் பயிற்சிக்குப் பன்முறை பிந்தினான், பெயர் நீக்கப்பெற்றது. அன்று யாம் சென்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அதன் பின்னரே இத்தகைய அணிகள் நடைபெறும் முறையை அறியத் தலைப்பட்டோம். ஆடுகளத்தின் நீளம் 78 அடி. இணையாட்டத்திற்கு அகலம் 36 அடி. நடுவில் வலையின் உயரம் 3 அடி. மண் களமாயின் நீர் தெளித்து, உருளை ஓட்டி, கோடுகளைச் சீர் செய்தல் வேண்டும். பந்து விரைவில் துள்ளல் இழக்கும். மட்டையின் நரம்பு அறும். ஒரு களத்தில் ஒரே சமயத்தில் நால்வரே ஆட்டம் ஆட இயலும். சிறிய கல்லூரியிலோ உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே எல்லா விளையாட்டுகளையும் மேற்பார்க்க நேரும். ஆகவே, மட்டைகளைப் பொதுவில் வைத்தலும், முறை வகுத்து ஆடுதலும், மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்தலுமே அணியைக் காப்பன. இவ்வொழுங்கு நமக்குப் புதிதன்று. படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு பிரித்து வாழ்வோர் நாம் அல்லமோ?

எனினும், ஒழுங்கு மட்டும் போதாது. கதவு திறப்பாரும் வேண்டும். 1951-ஆம் ஆண்டில், கல்லூரி மாணவர்க்கே உரிய பெர்ட்ராம் போட்டியில், 13 வயதுப் பள்ளிச் சிறுவராகிய இராமநாதன் கிருஷ்ணன் ஆடுதற்கு லயோலாக் கல்லூரித் தலைவர் தனி இசைவு அளித்தார். சிறுவர் வென்றார். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்றார். 1960, 1961 ஆண்டுகளில் அங்கே அரையிறுதியை எய்தினார். அவர்க்கு ஆட்டம் கற்பித்தவர் தந்தையார். ஆயின், விதியைத் தளர்த்தியது ஒரு தலைவரின் சொல்.

1966-இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அவ்வைந்து ஆட்டங்களில் நமக்குக் கிடைத்த ஒரே வெற்றி, கிருஷ்ணனும் ஜெயதீப் முகர்ஜியும் கூடி ஆடிய இணையாட்டமே. துணையின் குறிப்பறிந்து இயங்குதல் படகில் உடன் செல்வோர்க்குப் பழகிய கலை அன்றோ?

கல்வி மறுக்கப்பட்டார்க்காக 1894-இல் இலவசப் பள்ளி திறந்த கர்னல் ஒல்காட்டின் பெயரை இக்குப்பம் தாங்கி நிற்கின்றது. அப்பெயர்க்கு ஏற்பச் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, ஆணாயினும் பெண்ணாயினும் ஆட விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் தடுத்தலாகாது. இரண்டு, நம் சங்கம் நான்கு மட்டைகள் வாங்கிப் பொதுவில் வைத்தல் வேண்டும். மூன்று, கடலுக்குச் செல்லும் மாணவர்க்கு மாலைப் பயிற்சி அளிக்குமாறு, சங்கத்தார் கல்லூரித் தலைவர்களை நேரிற் கண்டு வேண்டுதல் வேண்டும்.

முதல் மட்டையின் விலையை யாம் தருகின்றோம். அது கொடை அன்று. அம்மாணவனுக்கு யாம் பட்ட கடன்.